ஒரே தாரில் எத்தனை பாதைகள்?

செங்கலடிச் சந்தியில் நின்று பதுளை வீதி எது என்று கேட்டால் எவரும் மேற்கே கைகாட்டுவார்கள். கரடியனாறு, பெரியபுல்லுமலை என்று போகும் அந்த வீதியின் ஓரத்துக் கிராமங்கள் போரில் என்ன பாடுபட்டன என்பதை மட்டக்களப்பு வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வீதியில் மகாஓயா, பிபிலை, லுணுகலை தாண்டி மலையேறினால் பசறை வரும். பசறையைக் கடந்து பதுளை நகருக்குள் நுழையும்போது அதன் பெயர் பசறை வீதி. பிறகு ஹாலி-எல, வெலிமடை, நுவரெலியா, கம்பளை என்று பேராதனை வரை போகிறது. ஊருக்கு ஊர் வேறோர் ஊரின் பெயரைச் சூடிக்கொள்ளும் இந்த வீதிக்கு, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஏட்டில் ஒரே எண்தான். ஏ-5, பேராதனை–பதுளை–செங்கலடி வீதி, ஏறத்தாழ 275 கிலோமீற்றர்.

இதைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எத்தனை கட்டுரை எழுத வேண்டும்? ஒன்றா, மூன்றா?

நான் நமுனுகுலயைச் சேர்ந்தவன். ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் இலங்கை வீதிகள் பற்றிய கட்டுரைகளை எழுதுவதும் திருத்துவதும் வழக்கம். யாராவது ஒருவர் புதிதாக ஒரு வீதிக் கட்டுரையைத் தொடங்கினால், இன்னொருவர் உரையாடல் பக்கத்தில் வந்து, "இது ஏற்கெனவே உள்ள கட்டுரையோடு மேற்பொருந்துகிறது, ஒன்றிணைத்துவிடலாமே" என்பார். இருவரிலும் எவர் சொல்வதும் அர்த்தமற்றதல்ல. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேலையில்லாதவர்களின் சண்டையாகத் தோன்றும். வீதிக்கு எதற்கு ஐயா கட்டுரை என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள்.

கைப்பேசியில் ஒரு வீதியின் பெயரைத் தட்டினால் முதலில் வருவது பெரும்பாலும் விக்கிப்பீடியாக் கட்டுரைதான். மாணவர்களும் செய்தியாளர்களும் வெளிநாட்டில் இருந்துகொண்டு நம்மைப் பற்றி அறிக்கை எழுதுவோரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். எதை எதோடு சேர்ப்பது என்ற முடிவு, யாருடைய பயணம் தலைப்பாக நிற்கும், யாருடைய பயணம் இன்னொருவரின் கட்டுரையில் ஒரு வரியாகக் கரையும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. எங்கள் மலையிலும் சரி, வன்னியிலும் சரி, பலமுறை ஒரு வரியாகக் கரைந்தவர்கள் நாங்கள். ஆகையால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

முதலில் எண்களின் கதை. இலங்கையில் வீதி எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது குறைவு. ஒரு வீதி இன்னொன்றைத் தொட்டதும் பொதுவாக அதன் எண் அங்கேயே முடிந்துவிடும். ஊவாவில் இது தெளிவாகத் தெரியும். பெரகலையில் தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் ஏ-16, ஹாலி-எலயில் ஏ-5ஐத் தொட்டு முடிகிறது. வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாக ஏறிவரும் ஏ-23, கும்பல்வெலயில் ஏ-16ஐத் தொட்டு முடிகிறது. மொனராகலையையும் பசறையையும் இணைக்கும் ஏ-22, பசறையோடு சரி. ஏட்டுக் கணக்குக்கு இது வசதி. ஒரு மைலுக்கு ஓர் எண், ஒரு பராமரிப்புச் செலவு.

பயணத்தின் கணக்கு வேறு. மொனராகலையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு வருகிற எவரும் பசறையில் தம் வீதி முடிந்துவிட்டதாக நினைப்பதில்லை. கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் 99ஆம் இலக்க பஸ் பெரகலை வரை ஏ-4இலும், ஹாலி-எல வரை ஏ-16இலும், மிச்சத்தூரம் ஏ-5இலும் ஓடுகிறது. எங்கள் பக்கம் ஏ-16 என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். 99 என்றால் எந்தத் தோட்டத்திலும் தெரியும். யாழ்ப்பாணத்தார் ஏ-9ஐக் கண்டி வீதி என்று சொல்வதும் அப்படித்தான், கண்டிக்கு ஒருநாளும் போகாதவர்கூட.

ஆகவே நம் நாட்டில் பெரும்பாலும் மேற்பொருந்துவது வீதிகள் அல்ல, பாதைகள். கல்லும் தாரும் எண்ணும் கொண்டது வீதி. ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போன போக்கு பாதை. இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களையும் அந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு எண்களே மேற்பொருந்துவது பழகிய காட்சி. ஒன்ராறியோவில் ஓக்வில்லுக்கும் பேர்லிங்டனுக்கும் இடையில் 403ஆம் நெடுஞ்சாலையும் குயின் எலிசபெத் வேயும் ஒரே தார். ஜேர்மனியில் நீலப் பலகையில் நாட்டு எண்ணும் பச்சைப் பலகையில் ஐரோப்பிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் அங்கே வீதியோரப் பலகைகளில் அவற்றைக் காண முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 403க்கும் குயின் எலிசபெத் வேக்கும் தனித்தனிக் கட்டுரை உண்டு. ஓக்வில்–பேர்லிங்டன் துண்டு ஒன்றுதான் என்பதற்காக எவரும் அவற்றை ஒன்றாக்கவில்லை. இரண்டும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு தேவைக்காகக் கட்டப்பட்டவை.

ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல் இந்த விடயத்தில் தாராளமானது. பன்னாட்டு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகள் பொதுவாகக் குறிப்பிடத்தக்கவை என்று எடுத்துக்கொள்ளப்படும். உள்ளூர் வீதி என்றால், அதைப் பற்றி அதனோடு தொடர்பில்லாத பலர் எழுதியிருக்க வேண்டும். இதைத்தான் குறிப்பிடத்தக்கமை என்கிறோம். அது வீதியின் பெருமையை அளக்கும் கோல் அல்ல. நம்பகமான வேறு யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்ற கேள்வி, அவ்வளவுதான். அந்தத் தாராளமும் எல்லோருக்கும் பிடித்ததில்லை. வரைபடத்தையும் அரசாங்க ஏட்டையும் மட்டும் சான்றாக வைத்து எழுதிய வீதிக் கட்டுரைகள் போதுமானவையா என்ற வாதம் முற்றி, 2023இல் அமெரிக்க வீதிகளைப் பற்றி எழுதிவந்தவர்களில் பலர் ஆங்கில விக்கிப்பீடியாவை விட்டே வெளியேறித் தங்களுக்கென்று தனியாக ஒரு வீதிக் களஞ்சியம் தொடங்கினார்கள். அத்தனை பணமும் அத்தனை ஆவணமும் உள்ள நாட்டு வீதிகளுக்கே இந்தக் கதி.

எண்ணை மட்டும் நம்பினால் இன்னொரு சங்கடமும் உண்டு. எண் மாறும். 2010இல் இந்தியா தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்களைக் கொடுத்தது. மதுரையிலிருந்து மண்டபம், இராமேஸ்வரம் போகும் வீதி 49 என்பதிலிருந்து 87 ஆனது. மண்டபம் முகாமில் இறங்கி அந்த வீதியால் தமிழ்நாட்டுக்குள் போனவர்களுக்கு வீதி மாறவில்லை, பலகைதான் மாறியது. இதற்கு இரண்டு கட்டுரை எழுதினால் இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் கேட்பது ஒரே கேள்வி. இந்தப் பாதையின் கதையை மற்றக் கட்டுரைக்குள் கொண்டுபோய் வைத்தால் எது தொலைகிறது, அல்லது எது பொய்யாகிறது? எதுவும் தொலையாவிட்டால், எதுவும் பொய்யாகாவிட்டால், சேர்த்துவிடலாம்.

இலகுவான உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். ஆசிய நெடுஞ்சாலை வலையமைப்பு என்று ஒன்று உண்டு. அதற்கான நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம் 2003 நவம்பரில் ஏற்கப்பட்டு, 2004 ஏப்ரலில் ஷாங்காயில் கையெழுத்துக்காகத் திறக்கப்பட்டு, 2005 ஜூலை 4 நடைமுறைக்கு வந்தது. அதில் இலங்கைக்கு இரண்டு எண்கள்: ஏஎச்-43, ஏஎச்-44. இவற்றுக்காக எவரும் புதிதாக ஒரு சாண் வீதி போடவில்லை. இருந்த வீதிகளின் மேல் எண்ணைப் போர்த்தினார்கள். ஏஎச்-44 தம்புள்ளையிலிருந்து திருகோணமலை வரை 107 கிலோமீற்றர். அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை போகும் ஏ-6இன் வடகிழக்குத் துண்டுதான் அது. ஏஎச்-44 என்று சொல்லி பஸ் ஏறியவரை நான் கண்டதில்லை. ஏ-6 கட்டுரையில் ஒரு பந்தி எழுதி, ஏஎச்-44 என்று தேடுபவரை அந்தப் பந்திக்கு அனுப்பும் வழிமாற்று ஒன்றை வைத்தால் எதுவும் தொலையாது. பன்னாட்டு எண் என்ற காரணத்துக்காகத் தனிக்கட்டுரை வேண்டும் என்பவர்கள் வழிகாட்டலை மதிக்கிறார்கள், ஆனால் வாசகருக்கு அதனால் கிடைப்பது ஒரே செய்தி இரண்டு தடவை.

ஏஎச்-43 கொஞ்சம் சிக்கல். அது ஆக்ராவில் தொடங்கி மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வந்து, கடலைத் தாண்டித் தலைமன்னாரில் ஏறி, அனுராதபுரம், தம்புள்ளை, கொழும்பு வழியாக மாத்தறையில் முடிவதாக வரைபடத்தில் இருக்கிறது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு இன்று ஒரு படகும் இல்லை. நடுவில் கடல் கிடக்கும் நெடுஞ்சாலை இது. ஆனாலும் இரண்டு நாடுகளைச் சேர்த்துச் சொல்லும் ஒரே தலைப்பு அதுதான். அதை ஏ-14இலோ ஏ-9இலோ அடைக்க முடியாது. தனியாகவே இருக்கட்டும்.

இனி எனக்கு நெருக்கமான பாதை. அதே தலைமன்னார், அதே மதவாச்சி, அதே தம்புள்ளை.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து பல பதிற்றாண்டுகள், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டுவழியே மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை என்று நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். ஊவாத் தோட்டங்களுக்கு வர வேண்டியவர்களுக்கு மாத்தளையோடு நடை முடியவில்லை. காய்ச்சல், வாந்திபேதி, பட்டினி, தண்ணீரின்மை. விழுந்தவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. காலனித்துவ ஆவணங்கள் இதை வடக்கு வீதி என்று குறிப்பிடுகின்றன. டொனோவன் மோல்ட்ரிச் கோப்பிக் காலத் தொழிலாளர்களைப் பற்றி 1989இல் வெளியிட்ட நூல் உட்பட, இதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். சான்றுக்குக் குறைவில்லை.

இன்றைய வரைபடத்தில் அந்தப் பாதையை வைத்தால் மன்னாரிலிருந்து மதவாச்சி வரை ஏறக்குறைய ஏ-14. மதவாச்சியிலிருந்து மாத்தளை வரை ஏ-9. அடிக்கு அடி பொருந்தாது, ஆனால் போக்கு அதுதான். ஒன்றிணைப்பை விரும்புபவரின் வாதம் இங்கே வலுவாகத் தெரியும். ஒரே நிலம், ஏற்கெனவே இரண்டு கட்டுரை இருக்கின்றன, வரலாறு என்ற பகுதியில் எழுதினால் போகிறது என்பார்.

எழுதிப் பாருங்கள். ஏ-14 கட்டுரையில் அவர்கள் கரையிறங்கி மதவாச்சி வரை நடப்பார்கள். அங்கே கட்டுரை முடிந்துவிடும். மிச்ச நடை ஏ-9 கட்டுரையில், கண்டி–யாழ்ப்பாணம் என்ற தலைப்பின் கீழ், வடக்கே போகும் வீதியின் விவரிப்புக்கு நடுவில் தலைகீழாக வரும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போன பாதை அல்ல அவர்களுடையது. யாழ்ப்பாணத்தை அவர்கள் கண்டதே இல்லை. மன்னாரில் ஏறி மதவாச்சியில் தெற்கே திரும்பியவர்கள். ஒரு சாவு நடையை மதவாச்சிச் சந்தியில் இரண்டாக வெட்டி, இரண்டு வீதிகளின் வரலாற்றுக் குறிப்பாக ஆக்கினால் தகவல் எல்லாம் இருக்கும், நடை இருக்காது. என்னைக் கேட்டால் இது நிச்சயமாகத் தனிக்கட்டுரை. ஏ-9, ஏ-14 இரண்டிலும் இரண்டிரண்டு வரியும் ஓர் இணைப்பும் போதும்.

இந்தப் பாதை செத்த பாதையும் அல்ல. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அப்படிப் போனவர்கள் அதே தலைமன்னாருக்குத்தான் போனார்கள், இம்முறை ரயிலில், எதிர்த்திசையில். மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்தது. நடந்தவர்கள் ஏ-14இல் நடக்கிறோம், ஏ-9இல் நடக்கிறோம் என்று நடக்கவில்லை.

வன்னியில் இருக்கும் வாசகர்களில் பலருக்கு ஏ-9 இன்னொரு விதத்திலும் குடும்பக் கதை. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனவர்கள் பலர் அந்த வீதியால்தான் போனார்கள். அது ஒரு குடிபெயர்வின் கதை, வீதியின் கதை அல்ல என்பதால் குடிபெயர்வுக் கட்டுரையில் எழுதப்பட வேண்டும். இந்த எல்லையையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எல்லாத் துயரத்தையும் வீதி எண்ணின் கீழ் கொட்டுவதும் ஒருவகைக் கரைத்தல்தான். 2000 ஒக்டோபர் 25 பிந்துனுவெவ முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டது பண்டாரவளையிலிருந்து பதுளை வரும் வழியில். அதை ஏ-16 கட்டுரையின் ஒரு பந்தியாக்குவது பொருந்தாது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டம் மண்ணுக்குள் போனது கொஸ்லந்தைப் பக்கம் என்பதால் அது ஏ-4இன் செய்தியும் ஆகாது. இவற்றுக்குத் தனித்தலைப்பு வேண்டும். வீதிக் கட்டுரையிலிருந்து ஓர் இணைப்பு போகலாம்.

ஏ-9க்கு வருகிறேன். 321 கிலோமீற்றர். எந்தக் கலைக்களஞ்சியத்திலும் தனிக்கட்டுரைக்கு உரிய வீதி என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் அதற்குள் எதைச் சேர்ப்பது என்பதில். பரந்தனில் பிரிந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35ஐ ஏ-9இன் கிளை என்று சொல்லிச் சேர்த்துவிடலாம் என்பவர் வரைபடத்தை மட்டும் பார்த்தவர். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்ற பெயர்கள் 2009இன் முதல் மாதங்களைக் கடந்தவர்களுக்கு எந்த வரிசையில் வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசைதான் ஏ-35. நாவற்குழியில் பிரியும் ஏ-32க்கும் தன் கதை உண்டு. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும்வரை அது தொடர்ச்சியான வீதியாகவே இல்லை.

கிளாலிதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் ஆனையிறவு முகாம் நடுவில் நிற்க, ஏ-9 மக்களுக்கு மூடிய வீதி. ஏ-9 கட்டுரை எழுதுபவர், இந்தக் காலத்தில் வீதி மூடப்பட்டிருந்தது என்று ஒரு வரி எழுதி 2002க்குத் தாவிவிடலாம். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்கள் பயணத்தை நிறுத்தவில்லை. கொம்படி–ஊரியான் வழியாகச் சேற்றிலும் தண்ணீரிலும் போனார்கள். பிறகு கிளாலியில் இரவில் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்தார்கள். 1993இல் அந்த நீரேரியில் படகில் போன பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு மறுநாளும் படகுத்துறைக்கு ஆட்கள் வந்தார்கள், வேறு வழி இருக்கவில்லை.

இந்தப் பாதை ஏ-9இன் தாரை ஓர் அடிகூடத் தொடவில்லை. தரையில் மேற்பொருந்தல் என்பது பூச்சியம். ஆனால் பயணத்தில் முழு மேற்பொருந்தல்: அதே புறப்படும் இடம், அதே போய்ச்சேரும் இடம், அதே ஆட்கள். வரைபடத்தை வைத்து முடிவெடுப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. எண் இல்லை, கிலோமீற்றர்க் கல் இல்லை, அதிகார சபையின் ஏட்டில் பெயர் இல்லை. என் கேள்வியைப் போட்டால் விடை உடனே வரும். ஏ-9 கட்டுரைக்குள் வைத்தால் அது மூடல் என்ற சொல்லின் கீழ் வருகிறது. நடந்ததோ ஒரு திறப்பு, உயிரைப் பணயம் வைத்த திறப்பு. தனிக்கட்டுரை வேண்டும்.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. தனிக்கட்டுரை என்றவுடன் ஒரே பந்தியை இரண்டு மூன்று கட்டுரைகளில் வெட்டி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடத்தில் ஒரு கட்டுரை திருத்தப்படும், மற்றது அப்படியே கிடக்கும், திகதிகள் ஒன்றையொன்று மறுக்கும். ஏ-9 போர்நிறுத்தத்தின்பின் 2002 ஏப்ரல் 8 திறந்தது, 2006 ஓகஸ்ட் 11 முகமாலையில் சண்டை வெடித்தபோது மூடியது என்ற விவரம் ஏ-9 கட்டுரையில் மட்டும் விரிவாக இருக்க வேண்டும். முகமாலை பற்றிய கட்டுரையும் ஆனையிறவு பற்றியதும் அதைச் சுருக்கமாகச் சொல்லி அங்கே அனுப்பினால் போதும். பொதுத்துண்டை ஒருவர் வைத்திருக்க வேண்டும், மற்றவர்கள் அவர் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் கேட்ட பதுளை வீதிக்கு என்ன முடிவு? கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன். பதுளை நகரத்தின் பசறை வீதிக்குத் தனிக்கட்டுரை வேண்டாம், அது ஏ-5தான். நுவரெலியாப் பக்கத்து ஏ-5க்கும் வேண்டாம். மட்டக்களப்பின் பதுளை வீதி வேறு. அங்கே அந்தப் பெயர் வீதியை மட்டும் குறிப்பதில்லை. பதுளை வீதிக் கிராமங்கள் என்று ஒரு பிரதேசத்தையே அந்த மாவட்டத்தார் சொல்கிறார்கள். மலையகத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களும் அங்கே உண்டு. இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் அந்தப் பெயரோடு சேர்ந்து செய்தியானவை. அதை ஏ-5 கட்டுரைக்குள் வைத்தால் ஹக்கலைப் பூங்காவுக்கும் இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கும் கீழே, 275 கிலோமீற்றரின் கடைசித் துண்டாக, உல்லாசப் பயணிக்கான குறிப்புப்போலப் போய்விடும். ஆகவே அதற்குப் பிரதேசம் என்ற முறையில் தனிக்கட்டுரை, தலைப்பில் அடைப்புக்குள் மட்டக்களப்பு என்று போட்டு. பசறையிலும் ஒரு பதுளை வீதி இருப்பதால் அந்த அடைப்பு அவசியம்.

என் ஊர் வீதிக்கு வந்தால் நான் கஞ்சன். பசறையிலிருந்து நமுனுகுல வழியாக எல்லவுக்குப் போகும் வீதி ஏ-22ஐயோ ஏ-23ஐயோ போல அதிகார சபைப் பட்டியலின் முதல் வகுப்பில் இல்லை. ஒன்பது சிகரம் என்று சிங்களத்தில் பொருள்படும் 2,036 மீற்றர் மலையின் தோளில் வளைந்து போகும் அழகான வீதி. எல்லப் பக்கத்தில் வெள்ளைக்காரப் பயணிகள் நடந்து படம் எடுப்பதும் அதில்தான். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெலித் தோட்டம் வழியாக ஏறிவருவதும் ஒன்று உண்டு. இவற்றுக்குத் தனிக்கட்டுரை வேண்டும் என்று எங்கள் இளைஞர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் பதில். இவற்றைப் பற்றி எழுதப்பட்டவை சில பயணக் குறிப்புகளும் மழைக்காலத்து மண்சரிவுச் செய்திகளும்தான். நமுனுகுல பற்றிய கட்டுரையில் போக்குவரத்து என்ற பகுதியில் அவை முழுமையாக அடங்கும், எதுவும் தொலையாது. ஏ-35க்குப் போட்ட அளவுகோலை என் வீட்டு வாசலில் மாற்ற முடியாது.

ஆனால் ஏன் எழுதப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். அதுவரை லயத்துக்குப் போகும் வீதி தோட்டக் கம்பனியின் சொத்து, தோட்டக் கம்பனியின் விருப்பம். சபையின் ஏட்டில் இல்லாத வீதிக்கு அறிக்கை இல்லை, ஒதுக்கீடு இல்லை, ஆகவே பத்திரிகைச் செய்தியும் இல்லை. கலைக்களஞ்சியம் சான்றைக் கேட்கும்போது, சான்று ஏன் உருவாகவில்லை என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை; அது ஆய்வாளர்களின், செய்தியாளர்களின் வேலை. யாராவது ஒருவர் ஊவாத் தோட்ட வீதிகளின் வரலாற்றை, யார் வெட்டியது, எந்தத் தோட்டத்தின் கோப்பியும் தேயிலையும் எந்த வழியாக இறங்கின என்று எழுதி வெளியிட்டால், முதல் ஆளாக நானே தனிக்கட்டுரையைத் தொடங்குவேன்.

கலைக்களஞ்சியத்துக்கு நினைவு நேரடியாகப் போகாது. அச்சிலோ நம்பகமான தளத்திலோ வந்த பிறகுதான் போகும். கிளாலியைக் கடந்தவர்கள், வடக்குப் பாதை பற்றிப் பாட்டன் சொன்னதைக் கேட்டவர்கள், பதுளை வீதியில் இருந்து எழும்பிப் போய்த் திரும்பி வந்தவர்கள் எழுதுவது முதலில் இதுபோன்ற தளங்களில், ஊர் மலர்களில், நினைவு நூல்களில் வெளிவர வேண்டும். திகதி, இறங்கிய இடம், படகுக் கூலி, சோதனைச்சாவடி இருந்த இடம் போன்ற சிறிய விவரங்கள்தான் பிறகு அதிகம் தேவைப்படுகின்றன. பழைய இதழ்கள் பலவற்றை நூலகம் எண்ணிமத் தளத்தில் படிக்கலாம். கிளாலிக் கட்டுரைக்கு இப்போது முதலில் வேண்டியது 1992 முதல் 1995 வரையான உதயன், ஈழநாதம் இதழ்களில் படகுச் சேவை பற்றி வந்த செய்திகள். வீட்டில் வெட்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் படமெடுத்து, இதழின் பெயரும் திகதியும் தெரியும்படி நூலகத்துக்குக் கொடுங்கள். வீதி மூடியிருந்தது என்ற அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் வைக்க அதுவே போதும்.